எலும்புக்குச் சொன்ன பொய்

குழந்தை கொட்டாவி விட்ட நேரம் பார்த்து முதல் சிப்பியை இமைக்குள்ளே வைத்துவிட்டேன். அழும் பிள்ளைகளைச் சமாளிக்க ஒரு கிலுகிலுப்பையும் ஒரு துவாலையும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பேன். இவளுக்கு இரண்டும் தேவைப்படவில்லை. வலது மேலிமையைச் சுண்டுவிரலால் தூக்கி, பட்டாணி அளவுகூட இல்லாத அந்தத் தெளிந்த பிளாஸ்டிக் துண்டை அடியில் நுழைத்து, கீழிமையை இழுத்துவிட்டேன். கொட்டாவி அதன் போக்கில் முடிந்தது. பிறந்து பத்து வாரமே ஆன அந்தப் பெண், திறந்திருந்த இடக்கண்ணால் என்னை ஒருமுறை அளந்து பார்த்தாள். பிறகு இவ்வளவுதானா என்பது போல அம்மாவின் மடியில் மறுபடி சாய்ந்துகொண்டாள். அன்றே என் நோட்டில் அவளுக்குக் கொட்டாவி என்று பெயர் எழுதிக்கொண்டேன்.

நான் செயற்கைக் கண் செய்கிறவள். இருபத்தாறு வருடமாக இதே வேலை, இதே அறை. ஜன்னலோரம் ஒரு மேஜை, மெருகு போடும் மோட்டார் ஒன்று, அச்சை வேக வைக்கும் பாத்திரம் ஒன்று, முனை தேயாத நாலு தூரிகைகள், வெள்ளைவிழியில் நரம்பு போல ஒட்டுவதற்கு இழை இழையாகப் பிரித்த சிவப்புப் பட்டு நூல். இழுப்பறையைத் திறந்தால் அறுபது எழுபது கண்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்க்கும். புதிதாக வருகிறவர்கள் ஓர் எட்டு பின்னால் போவார்கள். எனக்கு அது பொத்தான் டப்பா மாதிரிதான். வருகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள், விபத்திலோ நோயிலோ ஒரு கண்ணை இழந்தவர்கள். இருக்கிற கண்ணைப் பார்த்து இல்லாத கண்ணைச் செய்து கொடுப்பேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு அழுவார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தூரிகை கழுவுவேன்.

கொட்டாவி விஷயம் வேறு. பிறவியிலேயே அவள் வலக்கண் மிகச் சிறியது. இமைக்குப் பின்னால் ஆழத்தில் எங்கோ ஒரு மணி போலக் கிடந்தது. அதில் பார்வை இல்லை, வரப்போவதும் இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பார்வை போனது போகட்டும், முகத்தைக் காப்பாற்ற வேண்டும். கண்குழி எலும்பு தன்பாட்டில் சரியாக வளராது. உள்ளே ஒரு கண் இருந்து, அது பெரிதாகிப் பெரிதாகி முட்டினால்தான் எலும்பு விலகி இடம் கொடுக்கும். முட்ட ஆளில்லை என்றால் சோம்பலாக இருந்துவிடும். முகத்தின் இடது பாதி வளர்ந்து பெரியவளாகும். வலது பாதி கைக்குழந்தையாகவே நின்றுவிடும். அதனால் உள்ளே ஒரு சிப்பி வைப்போம். சில வாரம் கழித்து அதைவிட மயிரிழை பெரிய சிப்பி. பிறகு இன்னொன்று. கண் வளர்கிறது என்று எலும்பு நம்பி நகர்ந்துகொடுக்கும். முதல் ஒன்றிரண்டு வருடத்துக்குள் எவ்வளவு ஏமாற்ற முடியுமோ அவ்வளவு ஏமாற்றிவிட வேண்டும். என் தொழிலில் இது ஒன்றுதான் பச்சைப் பொய். எனக்குக் கர்வமும் இது ஒன்றில்தான்.

இதை அந்தத் தம்பதியிடம் இதே வார்த்தைகளில் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று பின்னால் தெரிந்தது.

அப்பாக்காரர் கட்டட வரைபடம் போடுகிறவர். உயரமான, நிதானமான ஆள். சட்டைப்பையில் எப்போதும் சீவிய பென்சில் இருக்கும். ஒரு பொருளை எடுத்துப் பார்த்தால், எடுத்த இடத்திலேயே எடுத்த கோணத்திலேயே திரும்ப வைப்பார். அம்மாக்காரி ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த துணுக்கை மெழுகில் புதைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போட்டு டாக்டர்களுக்குக் கொடுக்கிற வேலை. பிரசவத்துக்கு விடுப்பு எடுத்தவள் திரும்பப் போகவில்லை.

"எலும்பு நம்புமா மேடம்?" என்றார் அவர்.

"நம்புதே. எத்தனை பிள்ளைங்களுக்கு வெச்சிருக்கேன்."

"அதுக்கு யார் சொல்லி வெச்சிருக்காங்க, கண்ணு வந்தா நகர்ந்துக்கோன்னு?"

"யாரும் சொல்ல வேணாம்" என்றாள் அம்மாக்காரி, குழந்தையின் உச்சந்தலையிலிருந்து முகத்தை எடுக்காமல். "செல்லுக்கே தெரியும்."

அவர் எடுத்த சிப்பியை எடுத்த இடத்தில் வைத்தார். எங்கோ பல நாள் நடந்து பாதியில் நிற்கிற பேச்சின் வால் இது என்று எனக்குப் புரிந்தது. புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்கில்லை. நோட்டில் அளவை எழுதி, தேதி போட்டு மூடினேன்.

இரண்டாம் சிப்பி சுலபமாகப் போனது. மூன்றாவதற்கு வந்த அன்று அச்சு வெந்து ஆறும்வரை முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. வெளியே தூறல். கொட்டாவி பால் குடித்துவிட்டு, அப்பாவின் தோளில் கன்னத்தை அழுத்தி, சுவரில் ஓடிய ஒரு வெளிச்சத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு ஜன்னல் கதவு காற்றில் ஆடும்போதெல்லாம் அந்தத் துண்டு சுவரில் ஏறி இறங்கியது. அதைப் பார்த்துத்தான் அம்மாக்காரி பேச ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன்.

"மொதல்ல கண்ணுன்னு ஒண்ணு எங்க இருந்துச்சுக்கா? வெறும் தோல்தான். தண்ணிக்குள்ள கெடந்த ஏதோ ஒரு புழுவோட தோல்ல ஒரு செல்லுக்கு வெளிச்சம் பட்டதும் கூசியிருக்கு. பக்கத்து செல்லுக்கும் அதைச் சொல்லியிருக்கு. அந்த இடம் கொஞ்சம் குழிஞ்சா வெளிச்சம் எந்தப் பக்கம்னு தெரியுதுன்னு கத்துக்கிச்சு. குழியை மூடினா தூசி படல. மூடினது தெளிவா இருந்தா உருவம் தெரியுது. இப்படித் தடவித் தடவித்தான் நம்ம கண்ணு வரைக்கும் வந்திருக்கு."

"யார் சொல்லிக் குழிஞ்சுது?" என்றார் அவர்.

"திரும்பத் திரும்ப அதையே கேளுங்க. யாரும் சொல்லல. தப்புப் பண்ணி, திருத்தி, ஞாபகம் வெச்சு, அதுவே கண்டுபிடிச்சுது. புத்தகத்துல எல்லாம் தற்செயல்னு எழுதியிருக்கும். நான் ஒம்பது வருஷமா அதுங்க மூஞ்சியில முழிச்சவ. ஆறிட்டு வர்ற புண்ணோட ஓரத்தை ஸ்லைடுல பாக்கணுமே நீங்க. ரெண்டு கரையிலேருந்தும் கிளம்பி நடுவுக்கு வரும். ஒண்ணை ஒண்ணு தொட்டதும் நின்னுடும். ஒரு அடி கூடப் போகாது. புத்தி இல்லாமயா நிக்குது?"

"நானும் அதைத்தான் கேக்கறேன். எங்க நிக்கணும்னு எழுதி வெச்சது யாரு? ஒரு குளியலறை கட்ட நான் எட்டுத் தாள் வரையறேன் மேடம். தண்ணி எந்தப் பக்கம் ஓடணும், கதவு எந்தப் பக்கம் திறக்கணும், எல்லாம். கொத்தனாருங்க எல்லாருமே புத்திசாலிங்கதான். தாள் இல்லாம விட்டா கதவுக்கு நேரா குழாயை வெப்பாங்க."

"நீங்க தாள் போட்டுக் கட்டின உங்க அக்கா வீட்லயும் கதவுக்கு நேரா குழாய்தானே இருக்கு?"

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். குழந்தை திரும்பி இரண்டு பேரையும் பார்த்தது. இவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்று எனக்கு அந்த நிமிடம் தோன்றியது. பிறகு யாரோ விளக்கை அணைத்த மாதிரி அவள் சிரிப்பு நின்றது.

"நீங்க என்னக்கா சொல்றீங்க?"

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மில்லிமீட்டர்தாம்மா" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டேன்.

அது தப்பித்துக்கொள்ளச் சொன்ன பதில். மெருகுச் சக்கரம் சுற்றும்போது வருகிற ஒரே சீரான முனகல் சத்தத்தில் எனக்கு எப்போதும் பாதி தூக்கம், பாதி விழிப்பு. விரல்நுனியில் சிப்பி மட்டும் இருக்கும், மற்றதெல்லாம் எங்கோ போய்விடும். அன்று நான் கடலுக்குள் போனேன். வெளிச்சம் என்றால் என்னவென்றே தெரியாத கடல். கோடிக்கணக்கான உடம்புகள் அதில் இருட்டோடு இருட்டாக நகர்ந்துகொண்டிருந்தன. மேலே சூரியன் வந்து போனது, வந்து போனது, பார்க்க ஒருவரும் இல்லை. ஏதோ ஒரு புழுவின் முதுகில் ஓர் இடம் மட்டும் மெல்லக் கறுத்தது. தன்மேல் ஏதோ படுகிறது என்று அந்த இடத்துக்குத் தோன்றியது. யார் என்று அது கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்விதான் குழிந்து குழிந்து கண்ணாயிற்றோ என்னவோ. இன்னொரு பக்கம், குகைத் தண்ணீரில் மாட்டிக்கொண்ட மீன்கள் இருந்தன. முட்டைக்குள் அவற்றுக்குக் கண் அரும்பும், பிறகு வேண்டாமென்று தன்னாலேயே மங்கி, மேலே தோல் மூடிக்கொள்ளும் என்று எங்கோ படித்திருக்கிறேன். கொடுக்கத் தெரிந்த கை, திரும்ப வாங்கிக்கொள்ளவும் தெரிந்த கை. அந்தக் கை யாருடையது, வெளியே இருக்கிறதா, உள்ளேயே இருக்கிறதா என்று பார்க்கப் போனேன், சிப்பி சூடாகி விரலைச் சுட்டது. மோட்டாரை நிறுத்தினேன்.

எனக்கும் நம்பிக்கை என்று ஒன்று கிடையாது என்றில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரே மாதிரி இரண்டு கருவிழி நான் பார்த்ததில்லை, ஒரே ஆளின் இரண்டு கண்ணில்கூட. உட்கார்ந்து வரைகிற ஒருவர் இருந்தால் அவருக்கு அலுப்பு என்பதே கிடையாது. நான் நாலாவது கண்ணிலேயே அலுத்துப்போய் டீ குடிக்கப் போகிறவள். அதே சமயம், நான் வைக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டை எலும்பு தொட்டுப் பார்த்து, யோசித்து, சரி என்று இடம் விடுவதை மாதா மாதம் அளந்து எழுதுகிறவளும் நான்தான். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மறுபக்கம் ஒரு கை வந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறது. அதனால் அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாலாம் சிப்பியும் போனது. ஐந்தாம் சிப்பியும் போனது. ஐந்தாவது வைத்துப் பதினோராம் நாள் அம்மாக்காரி போன் செய்தாள்.

"அக்கா, சிப்பி விழுந்துடுச்சு."

நான் அப்போது ஒரு பஸ் டிரைவரின் கருவிழிக்கு மூன்றாம் பூச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். காய்வதற்குள் அடுத்தது போட வேண்டும். "கழுவித் திரும்ப வைம்மா."

"ரெண்டு தடவ வெச்சேன். திரும்பத் திரும்ப விழுது."

"சரி, வியாழக்கிழமை தூக்கிட்டு வா, பார்த்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவ்வளவுதான் சொன்னேன். இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது தண்ணீர் குடிப்பது போலத் தெரிந்த விஷயம் என்பதால் அவளுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். இத்தனை வருட அனுபவத்துக்கு இது மன்னிக்கிற தப்பில்லை.

வியாழக்கிழமை வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒருநாள் அப்பாக்காரர் எடுத்தார். "கொஞ்ச நாள் அப்படியே விட்டுப் பாக்கலாம்னு இருக்கோம் மேடம்" என்றார், தாளில் கோடு போடுகிற அதே நிதானத்தில். சிப்பி இல்லாத குழி சும்மா இருக்காது. ஒரு வாரத்தில் சதை சுருங்கும், அப்புறம் எலும்பும் நின்றுவிடும். ஐந்து சிப்பிக்குப் பட்ட பாடு ஒரு மாதத்தில் ஒன்றுமில்லாமல் போகும். பிறகு எத்தனை கெஞ்சினாலும் திரும்ப வராத காலம் அது. விலாசம் நோட்டில் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் ஐந்தின் நகல், ஆறு, ஏழு என்று மூன்று சிப்பிகளையும் அளவுகோலையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். யார் வீட்டுக்கும் போய் வேலை பார்த்து எனக்கு வழக்கமில்லை.

மூன்றாம் மாடி. கதவைத் திறந்த அப்பாக்காரர் என்னைப் பார்த்ததும் வழிவிட்டார். வரைபலகை ஜன்னலோரம் இருந்தது, அதன்மேல் ஒரு மாடிப்படியின் பாதி. தரையில் விரித்த போர்வையில் கொட்டாவி மல்லாந்து கிடந்து, கால் கட்டைவிரலைப் பிடிக்கிற முயற்சியில் இருந்தாள். ஆறு மாதக் குழந்தை ஆகியிருந்தாள். வலது இமை தளர்ந்து, பாதி மூடி, உள்ளுக்கு வாங்கியிருந்தது. அம்மாக்காரி சமையலறை வாசலில் நின்றாள். தலை வாரவில்லை. மெலிந்திருந்தாள். ஐந்தாம் சிப்பி அலமாரியில் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீருக்குள் கிடந்தது.

"ஏம்மா வரல?"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அதுங்க கண்டுபிடிச்சிடுச்சுக்கா."

"எதுங்க?"

"செல்லுங்கதான். நீங்கதானே சொன்னீங்க, நாம சொல்றது பொய்னு. எத்தனை நாளைக்கு ஏமாறும்? இது கண்ணு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. வெளில தள்ளுது. நாலு தடவ வெச்சேன், நாலு தடவயும் தள்ளிடுச்சு."

நான் அவரைப் பார்த்தேன். "நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல மேடம். அவர் ஒரு கோடு போட்டிருக்கார். நாம அதை அழிச்சு அழிச்சு வேற வரையறோம். வேணாம், விட்டுடுன்னு நாலு தடவ சொல்லியாச்சு. அஞ்சாவது தடவயும் கேக்கணுமா?" அவர் என்று அவர் சொன்னது கடவுளை. மேலே பார்க்கவில்லை, கையைக் காட்டவில்லை. தன் அலுவலகத்தில் தனக்கு மேலே இருக்கிற ஒருவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! ஒருத்திக்குச் செல்லுக்குப் புத்தி உண்டு, அதனால் அது கண்டுபிடித்துவிட்டது. இன்னொருத்தருக்கு எல்லாம் மேலே போட்ட திட்டம், அதனால் அது உத்தரவு. இரண்டு பேரும் எதிரெதிர்த் தெருவில் நடந்து ஒரே முட்டுச்சந்தில் வந்து நிற்கிறார்கள். நடுவில் பிள்ளை கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. கோபத்தில் பாதி என்மேல்தான். "கை கழுவணும், குழாய் எங்க?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிருக்கும். அவள் நகர்ந்துகொண்டாள்.

கழுவித் துடைத்துவிட்டுப் போர்வையில் உட்கார்ந்தேன். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. போன் வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் பத்தொன்பது நாள். சுருங்கி, மூன்றாம் சிப்பிகூட நுழையாத நிலையில் இருந்தால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். குழந்தை என்னை அடையாளம் கண்டு, இடக்கண்ணை விரித்து, கட்டைவிரலை விட்டுவிட்டு என் மூக்கைப் பிடிக்க வந்தது. இமையைத் தூக்கினேன். ஐந்தாம் சிப்பியின் நகலை வைத்தேன். அது உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி, பக்கவாட்டில் சாய்ந்து, கீழிமையைத் தாண்டி வழுக்கி என் உள்ளங்கையில் விழுந்தது.

"பாத்தீங்களா" என்றாள் அவள்.

"நீ பாரு" என்றேன். "கிட்ட வந்து பாரு. தள்ளல. நிக்க முடியாம விழுது. சார், நீங்க சொல்லுங்க. சுவர்ல ஜன்னலுக்கு விட்ட இடம் ஜன்னலைவிடப் பெரிசாப் போச்சுன்னா ஜன்னல் என்ன ஆகும்?"

அவர் பென்சிலைத் தொட்டார். அவர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவதை நான் பார்த்தேன். "விழும்."

"அவ்வளவுதான். அவ சிப்பியைவிட வளர்ந்துட்டா. நான் நெனச்சதைவிட சீக்கிரம் வளர்ந்துட்டா. விழுந்துச்சுன்னா வேண்டாம்னு அர்த்தமில்லம்மா. இன்னும் பெரிசா கொண்டான்னு அர்த்தம். போன்லயே இதை நான் சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

ஆறாம் சிப்பியை நனைத்து, இமைக்கடியில் நுழைத்து, கீழிமையை விட்டேன். உட்கார்ந்தது. இமை அதன்மேல் வந்து மூடி, திறந்து, மறுபடி மூடியது, இடது இமையோடு சேர்ந்தாற்போல. அதை எடுத்துவிட்டு ஏழாம் சிப்பியையும் வைத்துப் பார்த்தேன், போகவில்லை. ஆறையே திரும்ப வைத்தேன். மூன்று வாரத்துக்கு முன் வந்திருந்தால் ஏழு போயிருக்கும். அதை அவர்களிடம் சொல்லவில்லை. பொய்க்குப் பழகின வாய், இன்னொன்று கூடினால் என்ன?

அம்மாக்காரி அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு மிகவும் சின்னக் குரலில், என்னிடம் இல்லை, யாரிடமும் இல்லாத மாதிரி கேட்டாள்.

"அப்ப அதுங்களுக்கு என்மேல கோபம் இல்லையா?"

"என்னம்மா சொல்ற?"

"நான் லேப்ல அந்த மருந்து வாடையிலயேதான் நின்னேன். இவ வயித்துல இருக்கான்னு மூணு மாசம் வரைக்கும் எனக்குத் தெரியாது. டாக்டர் அதுதான் காரணம்னு சொல்ல முடியாதுன்னுட்டார். அது இல்லன்னும் சொல்லல. கோடி கோடி வருஷமா கண்ணு செஞ்சு பழகின செல்லுங்க அதுங்க. எத்தனை மீனு, எத்தனை பறவை, எதுக்கும் மறக்கல. எனக்குள்ள வந்தப்ப மட்டும் மறந்துச்சுன்னா, மறக்கடிச்சது யாரு? நான் இல்லாம யாரு?"

அவள் செல்லுக்குப் புத்தி உண்டு என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் தன் கழுத்தில்தான் கத்தியை வைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் சிப்பிக்கு வந்த அன்று பாதியில் நின்ற அந்தச் சிரிப்பும் நினைவுக்கு வந்தது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வரைபலகையை விட்டு வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவ்வளவு உயரமான ஆள் தரையில் உட்காரக் கொஞ்சம் சிரமப்பட்டார்.

"அதுக்குத்தான் சொன்னேன்" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"அவர் வரைஞ்சதுன்னு. நீ வரையல. உன் கை அதுல படவே இல்ல."

"அப்ப வேணும்னே இப்படிச் செஞ்சாரா? இந்தப் பச்ச மண்ணுக்கு? அதை நான் எப்படி ஏத்துக்கறது? நீங்க ஒவ்வொரு தடவ அவர்னு சொல்றப்பவும் எனக்கு வயிறு எரியுது."

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று விட்டார்கள்.

"எனக்குத் தெரியாது" என்றார் கடைசியில். "உண்மையிலேயே தெரியாது. யார் மேலயாவது போட்டே ஆகணும்னா அவர் மேல போட்டுடலாம்னு நெனச்சேன். அவர் தாங்குவார். நீ தாங்க மாட்டே."

அவள் அவரைப் பார்த்தாள். பல மாதமாக எதிரே இருந்த ஒரு சாமானை முதல்தடவை பார்ப்பது போலப் பார்த்தாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கழுவத் தூரிகை இல்லை. வரைபலகையில் பாதியில் நின்ற மாடிப்படியை ஒவ்வொரு படியாக எண்ணினேன். ஒன்பது இருந்தன.

அவள் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தாள். குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அவர் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை அதிகம். நோட்டில் ஆறு என்று எழுதி, அளவு எழுதி, அடுத்த தேதியைச் சொன்னேன். இனிமேல் விழுந்தால் சந்தோஷப்பட்டு போன் செய்யுங்கள் என்றேன். அவர் அந்தத் தேதியைச் சட்டைப்பையிலிருந்த துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார். கொட்டாவி பால் குடித்தபடியே தூங்கிப்போனாள். அம்மாக்காரி அவளை மெதுவாகப் போர்வையில் கிடத்தினாள். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"அக்கா" என்றாள் அவள், என் கையைப் பிடித்து நிறுத்தி.

தூங்குகிற குழந்தையின் இமைகள் அசைந்துகொண்டிருந்தன. கனவு காண்கிற குழந்தைகளுக்கு அசையும், அது எனக்குத் தெரியும். மூடிய இடது இமைக்கடியில் கண் இடமிருந்து வலமாக ஓடியது, நின்றது, எதையோ கண்டு மேலே போனது. மூடிய வலது இமைக்கடியில், ஒருநாளும் எதையும் பார்க்காத, பார்க்கப்போகாத அந்தச் சின்ன மணியும் தன்மேல் கிடந்த சிப்பியைச் சுமந்துகொண்டு இடமிருந்து வலமாக ஓடியது, நின்றது, மேலே போனது. ஒரு நொடிகூடப் பிந்தவில்லை. இரண்டு கண்ணும் ஒரே கனவின் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

அவர் வந்து மண்டியிட்டுக் குனிந்தார். யார் சொல்லி என்று அவர் கேட்கவில்லை. அவள் சுட்டுவிரலை வலது இமையின்மேல், பட்டும் படாமலும், வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு சற்றே ஒதுங்கி இடம் விட்டு, பென்சில் கறை படிந்த அவருடைய விரலைப் பிடித்து இழுத்து, தன் விரல் இருந்த இடத்தில் வைத்தாள். இமைக்கடியில் அது மறுபடி ஓடியது.